தனித் தட்டும் மூடிய சன்னலும்: காசநோய் பற்றிக் கொஞ்சம்

அப்பாவுக்குக் காசநோய் என்று தெரிந்த அன்று மாலை அம்மா நேராகத் தேக்காவுக்குப் போனார். ஒரு எவர்சில்வர் தட்டு, ஒரு டம்ளர், ஒரு கரண்டி வாங்கி வந்தார். மற்றவற்றோடு கலந்துவிடக் கூடாதென்று டம்ளரின் அடியில் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார். அப்பா படுத்திருந்த அறையின் சன்னலை மட்டும் யாரும் திறக்கவில்லை. ஏர்கான் ஓடிக்கொண்டிருந்தது. இருமல் சத்தம் வெளியே நடந்து போகிறவர்களுக்குக் கேட்டுவிடுமோ என்ற பயம் வேறு.

சில நாள் கழித்து, அப்பா மாத்திரை சாப்பிடப் போய்வந்த பலதுறை மருந்தகத்தில் அம்மா இந்தத் தட்டு விஷயத்தை ஒரு தமிழ்த் தாதியிடம் சொன்னார். தான் எவ்வளவு கவனமாக இருக்கிறேன் என்று காட்டத்தான் சொன்னார். தாதி கோபிக்கவில்லை. “ஆன்ட்டி, தட்டுல இது வராது. காத்துலதான் வரும். அந்தத் தட்ட எடுத்து உள்ள வச்சிட்டு ரூம் சன்னலத் தொறந்து விடுங்க” என்றார்.

நாங்கள் பயந்தது ஓரிடம், பயந்திருக்க வேண்டியது வேறோரிடம். காசநோயைப் பற்றி ஒழுங்காகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அன்றுதான். நான் டாக்டர் இல்லை, ஒரு நோயாளியின் மகள். இந்த நோயில் ஒரு குடும்பம் தெரிந்து வைத்திருக்க வேண்டியது அப்படியொன்றும் அதிகமில்லை. தெரியாமல் படும் பாடுதான் அதிகம்.

ஓர் இரவில் ஒரு முறைகூட இரட்டிக்காத கிருமி

காசநோய், க்ஷயரோகம், என்புருக்கி நோய், டி.பி. எல்லாம் ஒன்றுதான். ஆளை எலும்பும் தோலுமாக இளைக்க வைப்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் என்புருக்கி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரே வீட்டில் தாத்தா, அப்பா, பேரன் என்று வரிசையாக வந்ததால் பரம்பரை நோய் என்றும் குடும்பச் சாபம் என்றும் நினைத்தார்கள். 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் என்ற மருத்துவர், இதற்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்று கண்டுபிடித்து அறிவித்தார். ஆண்டுதோறும் மார்ச் 24ஐ உலகக் காசநோய் நாளாக வைத்திருப்பது அதனால்தான். வீட்டில் வரிசையாக வந்ததற்குக் காரணம் இரத்த உறவு இல்லை. ஒரே அறையில் ஒரே காற்றைச் சுவாசித்தது.

இந்தக் கிருமியின் இரண்டு குணங்கள் தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். ஒன்று, அதன் மேல் மெழுகு போன்ற கெட்டியான உறை இருக்கிறது. மருந்து அதற்குள் எளிதில் நுழைவதில்லை. நம் உடலின் காவல் அணுக்களாலும் அதைச் சுலபமாகச் செரிக்க முடிவதில்லை. இரண்டாவது, அது மிக மெதுவாக வளரும். இட்லி மாவை இரவு கரைத்து வைத்தால் காலையில் பொங்கி நிற்கிறது அல்லவா? மாவிலுள்ள நுண்ணுயிர்கள் சீக்கிரம் சீக்கிரமாக ஒன்று இரண்டாகப் பெருகுவதால் அது நடக்கிறது. காசநோய்க் கிருமி ஒன்று இரண்டாக ஆக ஏறத்தாழ 15 முதல் 20 மணி நேரம் எடுக்கும். மாவு பொங்கி முடிக்கும் நேரத்தில் இது ஒரு முறைகூட இரட்டித்திருக்காது.

இந்த மெதுவான போக்குதான் பெரிய தொல்லை. காய்ச்சல் திடீரென்று ஏறி ஆளைக் கீழே தள்ளினால் உடனே டாக்டரிடம் ஓடுவோம். இது அப்படிச் செய்யாது. கொஞ்சம் இருமல், கொஞ்சம் அசதி என்று வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கூடவே இருக்கும். அதற்குள் நாமே அதற்கு ஒரு காரணம் சொல்லிப் பழகிவிடுவோம்.

எப்படிப் பரவுகிறது

நுரையீரலில் காசநோய் உள்ள ஒருவர் இருமும்போதும் தும்மும்போதும், சத்தமாகப் பேசும்போதும் பாடும்போதும்கூட, கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் வெளியே வருகின்றன. மூடிய அறையில் இவை மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். அதே காற்றை நெடுநேரம் சுவாசிக்கிறவருக்குக் கிருமி போய்ச் சேரலாம்.

நெடுநேரம் என்ற சொல்லைக் கவனியுங்கள். எம்ஆர்டி ரயிலில் பக்கத்தில் நின்ற ஒருவர் இரண்டு தடவை இருமினார் என்பதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே வீட்டில் வசிப்பவர்கள், ஒரே அறையில் படுப்பவர்கள், சன்னல் மூடிய அலுவலகத்தில் நாள்தோறும் பக்கத்தில் உட்காருகிறவர்கள், தங்குவிடுதியில் அறையைப் பகிர்ந்துகொள்கிறவர்கள் ஆகியோருக்குத்தான் வாய்ப்பு கூடுதல்.

தட்டு, டம்ளர், கரண்டி, துணி, கழிப்பறை, கைகுலுக்கல் எதிலும் காசநோய் பரவுவதில்லை. ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே குழம்பை ஊற்றிச் சாப்பிட்டாலும் பரவாது. சூரிய ஒளி இந்தக் கிருமியைக் கொல்லும்; காற்றோட்டம் அதைக் கலைத்து வெளியே தள்ளும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் முன்பக்கமும் பின்பக்கமும் சன்னலைத் திறந்தால் காற்று குறுக்கே ஓடும் அமைப்பு பெரும்பாலும் இருக்கிறது. நாம்தான் ஏர்கானுக்காக அதை அடைத்து வைக்கிறோம்.

இன்னொன்று. காசநோய் நுரையீரலோடு நிற்பதில்லை. கழுத்து நெரிகட்டியில், முதுகெலும்பில், சிறுநீரகத்தில், மூளையைச் சுற்றியுள்ள உறையில் என்று பல இடங்களில் வரலாம். இப்படி வேறு இடத்தில் மட்டும் இருப்பவர் பொதுவாக அடுத்தவருக்குப் பரப்புவதில்லை, ஏனென்றால் அது மூச்சுக்காற்றில் வெளியே வருவதில்லை. சிகிச்சை அவருக்கும் கட்டாயம் வேண்டும்.

கிருமி இருப்பது வேறு, நோய் இருப்பது வேறு

எங்கள் வீட்டில் பெரிய குழப்பம் இதில்தான் வந்தது, ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

கிருமி நுரையீரலுக்குள் போனதும் உடலின் காவல் அணுக்கள் அதை விழுங்குகின்றன. மற்ற வகைக் கிருமிகள் பெரும்பாலும் அதோடு செத்துப்போகும். இது மெழுகு உறை போட்டது; விழுங்கப்பட்ட பிறகும் உள்ளேயே உயிரோடு கிடக்கும். அழிக்க முடியாததை உடல் சிறை வைக்கிறது. அணுக்கள் சுற்றிச் சுற்றி வந்து ஒரு சிறு கோட்டை போலக் கட்டி, கிருமியை நடுவில் அடைத்துவிடுகின்றன. கிருமியும் அதற்குள் ஏறத்தாழத் தூங்கிப்போகிறது. இந்த நிலையில் இருப்பவருக்கு இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, எடை குறைவதில்லை. அவரிடமிருந்து யாருக்கும் பரவாது. அவர் நோயாளியே இல்லை. இதை உறங்குநிலைத் தொற்று எனலாம். உலக மக்கள் தொகையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினருக்கு இது இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள்.

நம் பழைய சொல் ஒன்று இதற்கு அப்படியே பொருந்துகிறது: நீறு பூத்த நெருப்பு. மேலே சாம்பல், உள்ளே கனல். இந்த நிலையில் உள்ள நூறு பேரில் ஏறத்தாழ 5 முதல் 10 பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது கனல் பற்றிக்கொள்ளும். மீதிப் பேருக்குக் கடைசிவரை ஒன்றும் ஆகாது. பற்றிக்கொள்கிறவர்களில் பலருக்கு அது தொற்றிய முதல் இரண்டு ஆண்டுகளிலேயே நடக்கிறது. சிலருக்கு 40, 50 ஆண்டு கழித்து, வயதாகி எதிர்ப்புச் சக்தி தளரும்போது நடக்கிறது.

சிங்கப்பூரில் இந்த நோய் இன்னும் ஏன் இருக்கிறது என்பதற்கு ஒரு பாதி விடை இதற்குள் இருக்கிறது. இங்குள்ள மூத்தவர்களில் 30 விழுக்காடு வரை உறங்குநிலைத் தொற்று இருக்கலாம் என்று சுகாதார அமைச்சு சொல்லியிருக்கிறது. அவர்கள் வளர்ந்த சிங்கப்பூரை நினைத்துப் பாருங்கள். கடைவீடுகளின் மாடியில் பலகை வைத்துத் தடுத்த, சன்னலே இல்லாத சிறு அறைகள். துறைமுகத் தொழிலாளர் குடியிருப்புகளில் ஒரே கூரையின் கீழ் நெருக்கியடித்துப் படுத்த நம்மவர்கள். போர்க்காலப் பட்டினி. 1947இல் சாட்டா என்ற காசநோய் எதிர்ப்புச் சங்கம் இங்கே தொடங்கப்பட்டதும், போருக்குப் பிறகு டான் டோக் செங் மருத்துவமனை காசநோய்க்கான மருத்துவமனையாகவே அறியப்பட்டதும் அந்த நிலைமையில்தான். 1960இல் ஒரு லட்சம் பேருக்கு 300க்கும் மேற்பட்டவர்கள் ஆண்டுதோறும் நோய்வாய்ப்பட்டார்கள். 1980களின் பிற்பகுதியில் அது 50களுக்கு இறங்கி, பத்தாண்டு அங்கேயே நின்றுவிட்டது. அந்தத் தேக்கத்தை உடைக்கத்தான் 1997இல் தேசிய காசநோய் ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. இப்போதும் சிங்கப்பூரர்கள், நிரந்தரவாசிகள் மத்தியில் மட்டும் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு மேல் புதிதாகக் கண்டறியப்படுகிறார்கள். வசதியான நாட்டில் இதெல்லாம் எப்போதோ போய்விட்டது என்ற எண்ணம் என்னிடமும் இருந்தது. தவறான எண்ணம்.

உலகளவில் 2023இல் ஒரு கோடியே 8 லட்சம் பேர் காசநோயால் பாதிக்கப்பட்டதாகவும், 12 லட்சத்து 50 ஆயிரம் பேர் இறந்ததாகவும் உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அவர்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் இந்தியாவில். நமக்கெல்லாம் அங்கே போக்குவரத்து இருக்கிறது, உறவுகள் இருக்கிறார்கள். வேலை அனுமதியில் வருகிறவர்களுக்கு மார்பு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள். அந்த எக்ஸ்ரே நோயைத்தான் காட்டும். உறங்கும் கிருமியைக் காட்டாது. ஆகவே, “எல்லாம் வெளிநாட்டு ஊழியர்கள் கொண்டுவருவது” என்று ஒரு சாராரைக் கைகாட்டுவது உண்மைக்கும் பொருந்தாது, யாருக்கும் உதவாது. நம் வீட்டுத் தாத்தாவுக்குள் 60 ஆண்டாகத் தூங்கும் கிருமியும் இதே கிருமிதான்.

சர்க்கரை வியாதியைத் தனியாகச் சொல்ல வேண்டும்

சாம்பலை ஊதிக் கனலைப் பற்றவைப்பவை என்று சில உண்டு. முதுமை, புகைபிடித்தல், அதிக மதுப்பழக்கம், எச்ஐவி, சிறுநீரகச் செயலிழப்பு, முடக்குவாதம் போன்றவற்றுக்காக எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகள், நீண்ட நாள் ஸ்டீராய்டு. இந்த வரிசையில் நம் சமூகத்துக்கு நெருங்கியது நீரிழிவு. சர்க்கரை வியாதி உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு, மூன்று மடங்கு அதிகம். சிங்கப்பூர் இந்தியர்களிடையே நீரிழிவு எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எந்தத் தமிழ் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியைத் திறந்தாலும் இன்சுலின் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்பாவுக்கு 15 ஆண்டாகச் சர்க்கரை. எடை குறையத் தொடங்கியபோது “சுகர் ஏறியிருக்கும், அதான் இளைக்கிறேன்” என்றார், நாங்களும் நம்பினோம். இரவில் வியர்த்தபோது சுகர் இறங்கியிருக்கும் என்று மிட்டாய் கொடுத்தோம். அந்த இரண்டும் காசநோயின் அறிகுறிகள். சர்க்கரை அதிகமாக இருந்தால் காசநோய் குணமாவதும் தாமதப்படும். காசநோய் இருந்தால் சர்க்கரையும் ஏறும். ஒன்றுக்கு ஒன்று துணை போகிற நோய்கள்.

நான்கு மாத்திரை, ஆறு மாதம்

இனி நல்ல செய்தி. காசநோய் முழுதாகக் குணமாகும். கட்டுக்குள் வைப்பது என்ற பேச்சே இல்லை, குணமாகும். வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எதாம்பியூட்டால் என்று நான்கு மருந்துகள். அடுத்த நான்கு மாதம் முதல் இரண்டு மருந்துகள் மட்டும். நோய் இருக்கும் இடத்தையும் கடுமையையும் பொறுத்துச் சிலருக்கு ஒன்பது மாதமோ அதற்கு மேலோ ஆகலாம்.

ஏன் நான்கு? உடலில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கும்போது, அவற்றில் சில ஏதாவது ஒரு மருந்துக்கு இயல்பாகவே மசியாதவையாக இருக்கும். ஒரு மருந்து மட்டும் கொடுத்தால் அவை தப்பிப் பெருகிவிடும். ஒரே நேரத்தில் நான்கையும் ஏமாற்றும் கிருமி இருப்பது மிக மிக அரிது. ஏன் ஆறு மாதம்? பெரும்பாலான மருந்துகள் வளர்ந்துகொண்டிருக்கும் கிருமியைத்தான் நன்றாகத் தாக்கும். முதல் சில வாரங்களில் சுறுசுறுப்பாக இருப்பவை சாகின்றன; இருமல் நிற்கிறது, பசி எடுக்கிறது, ஆள் தெளிந்துவிடுகிறார். பாதித் தூக்கத்தில் கிடக்கும் மிச்சக் கிருமிகள் ஒவ்வொன்றாக விழிக்க விழிக்க மருந்து அங்கே காத்திருக்க வேண்டும். மீதி மாதங்கள் அதற்காக.

இரண்டாம் மாதத்தில் “எனக்குத்தான் சரியாகிவிட்டதே” என்று நிறுத்துவதில்தான் ஆபத்து. மிஞ்சியவை மறுபடி பெருகும். அரைகுறையாக மருந்தைச் சந்தித்த கிருமிகளில் மருந்துக்கு அசையாதவை முன்னுக்கு வரும். ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்கும் மசியாததைப் பன்மருந்து எதிர்ப்புக் காசநோய் என்கிறார்கள். 2016 ஜூனில் அங் மோ கியோ அவென்யூ 3, புளோக் 203இல் ஆறு பேருக்கு அந்த வகைக் காசநோய் இருந்ததாகச் சுகாதார அமைச்சு அறிவித்ததும், புளோக்கின் கீழ்த்தளத்திலேயே குடியிருப்பாளர்களுக்குப் பரிசோதனை நடந்ததும் பலருக்கு நினைவிருக்கலாம். ஆறு பேரின் கிருமியும் மரபணு அளவில் ஒத்துப்போனது. அந்த வகைக்கு முன்பெல்லாம் ஒன்றரை ஆண்டுக்கும் மேல் சிகிச்சை தேவைப்பட்டது. புதிய மருந்துகள் வந்தபின், 2022 முதல், தகுதியுள்ள நோயாளிகளுக்கு ஆறு மாதத்தில் முடியும் சிகிச்சையை உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சை என்ற ஏற்பாடு இதற்காக வந்தது. நோயாளி பலதுறை மருந்தகத்துக்குப் போய், தாதியின் முன்னால் மாத்திரையை விழுங்க வேண்டும். கைத்தொலைபேசியில் காணொளி எடுத்து அனுப்பும் முறையும் உண்டு. முதலில் அப்பாவுக்கு இது பெரிய அவமானமாக இருந்தது. “என்ன, நான் சின்னப் பிள்ளையா?” என்று கேட்டார். இரண்டாவது மாதத்தில், மாத்திரை குமட்டி, இனி முடியாது என்று அவர் சோர்ந்து உட்கார்ந்த நாட்களில், போகாவிட்டால் அந்தத் தாதி போன் பண்ணுவாரே என்பதற்காகவே எழுந்து போனார். வீட்டில் நாங்கள் சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டார்.

பக்க விளைவுகளை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பயம் குறையும். ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். கண்ணீர், வியர்வைகூட நிறம் மாறலாம். அது இரத்தம் இல்லை, பயப்பட வேண்டாம். கண்ணோ தோலோ மஞ்சளானால், வாந்தி நிற்காவிட்டால், பசி அறவே போய்விட்டால் அது கல்லீரல் பாதிப்பின் அடையாளமாக இருக்கலாம். அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். எதாம்பியூட்டால் சாப்பிடும்போது பார்வை மங்கினாலோ சிவப்பு, பச்சை நிறங்கள் குழம்பினாலோ அதையும் உடனே சொல்ல வேண்டும். கை கால் மரத்துப்போவது ஐசோனியாசிட்டால் வரலாம். அதைத் தடுக்க பி6 வைட்டமின் சேர்த்துக் கொடுப்பார்கள். சிகிச்சை முடியும்வரை மது கூடாது. ரிஃபாம்பிசின் வேறு பல மருந்துகளின் வேகத்தைக் குறைக்கும்: கருத்தடை மாத்திரை, இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் வார்ஃபரின், சில வகைச் சர்க்கரை மாத்திரைகள். என்ன மருந்து சாப்பிட்டாலும், நாட்டு மருந்தாக இருந்தாலும், டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

சேத்துப்பட்டில் தெரியவந்த உண்மை

சரி, மருந்து சாப்பிடும் ஆள் வீட்டில் இருந்தால் மற்றவர்களுக்கு ஆபத்து இல்லையா? அம்மாவின் கேள்வியும் இதுதான். இதற்கு விடை கண்டுபிடித்த இடம் சென்னை என்பதை அறிந்தபோது எனக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சி.

ஒரு காலத்தில் காசநோயாளியைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். ஊருக்கு வெளியே, மரங்களுக்கு நடுவே, மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் படுக்கை. தாம்பரம் சானடோரியம் என்ற ரயில் நிலையப் பெயரில் அந்தக் காலம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. அங்கே நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவைச் சானடோரியத்திலும் மற்றதை அவரவர் வீட்டிலும் வைத்து, ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தார்கள். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. வீட்டில் இருந்தவர்களோ நெருக்கடியான வீடுகளில் வாழ்ந்த ஏழைகள்; சாப்பாடும் ஓய்வும் குறைவு. 1959இல் முடிவு வெளியானது. குணமான அளவில் இரு பிரிவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அதைவிட முக்கியம், வீட்டிலேயே சிகிச்சை பெற்றவரின் குடும்பத்தாருக்கு, நோயாளியைப் பிரிந்திருந்த குடும்பத்தாரைவிடக் கூடுதலாக நோய் வரவில்லை. அவர்களுக்குத் தொற்றியிருந்தது பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படும் முன்பே தொற்றியது. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு பெரிய காரணம்.

பரப்பும் தன்மை மருந்து தொடங்கியதும் வேகமாகக் குறைகிறது. மருந்துக்கு மசியும் வகையாக இருந்தால், ஏறத்தாழ இரண்டு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டபின் பொதுவாகப் பரவும் ஆபத்து போய்விடுகிறது. தொடக்கத்தில் மருத்துவ விடுப்பு கொடுத்து வீட்டில் இருக்கச் சொல்வது அதற்குத்தான். அந்த நாட்களில் தனி அறை, திறந்த சன்னல், வெளியே வரும்போது முகக்கவசம் இருந்தால் நல்லது. அப்புறம் டாக்டர் சரி என்றதும் வேலைக்குப் போகலாம், கோவிலுக்குப் போகலாம், பேரப்பிள்ளையைத் தூக்கலாம்.

நாம் செய்வது தலைகீழ். கண்டுபிடிக்கும் முன் மாதக்கணக்கில் இருமிக்கொண்டிருப்பவரோடு சகஜமாக இருக்கிறோம். மருந்து தொடங்கி ஆபத்து நீங்கிய பிறகு தட்டைப் பிரிக்கிறோம். அப்பா குணமான பின்னும் ஒரு வருடம் சில உறவினர்கள் எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, சிவப்புப் புள்ளி டம்ளர் எங்கள் வீட்டிலேயே இருந்ததால்.

கடிதம் வந்தால்

சிங்கப்பூரில் காசநோய் தொற்றுநோய்ச் சட்டத்தின்கீழ் வருகிறது. டாக்டர்கள் கட்டாயம் அதைத் தெரிவிக்க வேண்டும். அதன்பின் நோயாளியோடு நெருங்கிப் பழகியவர்களைத் தேடிப் பரிசோதனைக்கு அழைப்பார்கள். அப்படி அழைப்பு வந்தால் உங்களுக்கு நோய் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. இரத்தத்தில் ஐஜிஆர்ஏ என்ற சோதனை செய்வார்கள், அல்லது கையில் ஊசி போட்டு இரண்டு மூன்று நாளில் வீங்குகிறதா என்று பார்ப்பார்கள். கிருமி உள்ளே போயிருக்கிறதா என்பதை இவை காட்டும். தொற்றிய உடனே உடல் காட்டிக்கொடுக்காது என்பதால் சில வாரம் கழித்து மறுபடி வரச் சொல்லலாம். முதல் சோதனையில் ஒன்றும் இல்லை என்றதும் இரண்டாவதை விட்டுவிடாதீர்கள்.

அம்மாவுக்கு ஐஜிஆர்ஏ ‘பாசிட்டிவ்’ என்று வந்தது. உடைந்துபோய் அழுதார். எக்ஸ்ரே தெளிவாக இருந்தது, இருமல் இல்லை. அவருக்கு உறங்குநிலைத் தொற்று மட்டும்தான். சில மாதம் தடுப்பு மாத்திரை சாப்பிட்டார். கனலில் தண்ணீர் தெளித்து அணைப்பது போல, பின்னால் நோயாக மாறும் வாய்ப்பை இது வெகுவாகக் குறைக்கிறது. அதை விளக்கிச் சொல்ல ஒருவர் அன்று பக்கத்தில் இருந்ததால் அழுகை நின்றது.

“நமக்குத்தான் பிசிஜி ஊசி போட்டிருக்கிறதே” என்று காசநோய்த் தடுப்பூசியைச் சொல்லிச் சிலர் கேட்பார்கள். இங்கே பிறக்கும் குழந்தைகளுக்கு அந்த ஊசி போடுகிறார்கள். குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோய் வகைகளிலிருந்து அது நன்றாகக் காக்கிறது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. பள்ளியில் இரண்டாவது முறை போடும் வழக்கத்தை 2001இல் நிறுத்திவிட்டார்கள். கையில் தழும்பு இருப்பதை நம்பி இருமலை அலட்சியம் செய்யக்கூடாது.

எப்போது போக வேண்டும்

மூன்று வாரம். இருமல் மூன்று வாரத்தைத் தாண்டினால் போய்ப் பார்க்க வேண்டும். கூடவே மாலைக் காய்ச்சல், இரவில் சட்டை நனையும் வியர்வை, காரணமில்லாத எடைக்குறைவு, பசியின்மை, நெஞ்சுவலி இருந்தால் இன்னும் சீக்கிரம். சளியில் இரத்தம் கண்டால் அன்றே. வயதானவர்களுக்கு இருமலே பெரிதாக இல்லாமல், வெறும் அசதியும் இளைப்புமாக மட்டும் இருக்கலாம். அதை “வயசாச்சு” என்று தள்ளிவிடுகிறோம்.

எங்கள் கதையில் நடந்த பிழை ஒன்று உங்களுக்கு உதவலாம். அப்பா ஒவ்வொரு தடவையும் வேறு வேறு கிளினிக்குக்குப் போனார், எது கிட்ட இருக்கிறதோ அதற்கு. ஒவ்வொரு டாக்டரிடமும் “ரெண்டு நாளா இருமல்” என்றார். மோசமான அந்த இரண்டு நாளைத்தான் அவர் சொன்னார். ஒவ்வொருவரும் இருமல் மருந்து கொடுத்து அனுப்பினார்கள். இப்படியே பத்து வாரம் போனது. ஆகவே ஒரே டாக்டரிடம் போங்கள். எந்தத் தேதியில் இருமல் தொடங்கியது, எத்தனை கிலோ குறைந்தது, சர்க்கரை இருக்கிறதா, வீட்டில் யாருக்காவது எப்போதாவது காசநோய் இருந்ததா என்று நீங்களாகவே சொல்லுங்கள். மார்பு எக்ஸ்ரே எடுக்கலாமா என்று கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை. சளியைப் பரிசோதனைக்குக் கேட்டால், வாயிலிருக்கும் எச்சிலைத் துப்பிக் கொடுக்காமல், காலையில் எழுந்ததும் ஆழமாக இருமி நெஞ்சிலிருந்து வருவதைக் கொடுங்கள். இந்தக் காலத்து மரபணுச் சோதனை சில மணி நேரத்திலேயே கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசினுக்கு அது மசியுமா என்று சொல்லிவிடும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு மட்டும் பல வாரம் ஆகும், அது வளரும் வேகம் அப்படி.

வயதான அப்பா அம்மா தனியாகக் கிளினிக்குக்குப் போகிறார்கள் என்றால் ஒரு தடவையாவது கூடப் போங்கள். எத்தனை நாளாக இருமல் என்று டாக்டர் கேட்கும்போது, சரியான கணக்கைச் சொல்ல நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.